கரண்ட் வைத்த பிறகு: அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சையின் வரலாறு

இந்த மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபோது, சித்தூர்க்காரனான நான் சந்திரகிரிக் கோட்டையைப் பற்றியோ காளஹஸ்தியைப் பற்றியோ எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். இம்முறை வேறொரு வரலாற்றை எடுத்துக்கொண்டேன். இது ஒரு வைத்தியத்தின் வரலாறு. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவன். இதை எழுதத் தூண்டியது என் அத்தையின் வாழ்க்கை.

அப்பாவின் அக்காவான அந்த அத்தைக்கு 1979-ல் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு வயது 46. 'கரண்ட் வைக்கணும்' என்றார்கள். கதிரியக்கச் சிகிச்சைக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. ஒன்றரை மாதம் கரண்ட் வைத்தார்கள். நோய் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் ஏழுமலையானுக்கு நன்றி சொன்னோம்.

சில வருஷம் கழித்து ஒரு மாற்றம். புரட்டாசி சனிக்கிழமை தவறாமல் மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், போவதை நிறுத்திவிட்டார். கூப்பிட்டால், "முட்டி வலிக்குதுடா, நீங்க போயிட்டு வாங்க" என்பார். உயிரைக் காப்பாற்றிய சாமியையே மறந்துவிட்டாரே என்று உறவுக்குள் பேச்சு எழுந்தது. 1990-ல்தான் என் மனைவியிடம் தனியாக விஷயத்தைச் சொன்னார்: "மூத்திரத்தோட ரத்தம் போவுது கண்ணு. வெளிக்குப் போனாலும் ரத்தம். இந்தத் தீட்டோட எப்படி மலை ஏறுவேன்? நோய் திரும்பிடுச்சோன்னு பயம். ஆஸ்பத்திரிக்குப் போனா மறுபடி கரண்ட் வைப்பாங்களோன்னு அதுக்கும் பயம்."

அதற்கு முன்பே ஒரு மருத்துவரிடம் ரகசியமாகப் போயிருக்கிறார். அவர் மூலம் என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பியிருக்கிறார். கரண்ட் வைத்த விஷயத்தை அவரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பிறகு நாங்கள் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். உள்ளே குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், "புற்றுநோய் திரும்பல. அன்னிக்கு வச்ச கதிரால மூத்திரப்பையும் மலக்குடலும் புண்ணாயிருக்கு" என்றார். அத்தை கேட்ட முதல் கேள்வி: "அப்ப இது தீட்டு இல்லீங்களா சார்?" "இல்லீங்கம்மா, புண்ணுதான்" என்றார் அவர்.

போகிற போக்கில் அந்த மருத்துவர் இன்னொன்றும் சொன்னார். வெளிநாட்டில் இதற்கு நோயாளியை ஒரு இரும்பு அறைக்குள் உட்கார வைத்து, அழுத்தத்தில் ஆக்ஸிஜன் கொடுக்கிறார்களாம். எங்களுக்கு அது விட்டலாச்சார்யா படக் கதை மாதிரி இருந்தது. அந்தக் கதை எவ்வளவு தூரம் நிஜம் என்பதைத்தான் ஓய்வு பெற்ற பிறகு தேடிப் படித்தேன்.

எல்லை மாறியது, ஆஸ்பத்திரிப் பாதை மாறவில்லை

முதலில் எங்கள் பக்கத்துக் கதிரியக்கச் சிகிச்சையின் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1911-ல் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. அதற்கு முன் அது வட ஆற்காட்டின் தலைநகரம். 1953 அக்டோபர் 1-ம் தேதி ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அந்தப் பக்கம் போயிற்று. 1960-ல் திருத்தணி இந்தப் பக்கம் வந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதியும் தனி மாவட்டம் ஆகிவிட்டது. ஆனால் நோய்க்கு எல்லைக் கமிஷன் தெரியாது. தமிழ் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் பெரிய வியாதி என்றால் வேலூருக்கு பஸ் ஏறினார்கள், அல்லது சென்னைக்கு ரயில் ஏறினார்கள்.

சென்னைப் பொது மருத்துவமனையில் 1934-லேயே பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்து பிறந்ததுதான் அடையாறு புற்றுநோய் நிலையம். 1952-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1954-ல் 12 படுக்கைகளுடன் அது தொடங்கியது. கோபால்ட் கதிர் உலகிலேயே முதன்முதலாகக் கனடாவில் 1951-ல் நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே அந்தக் கருவி அடையாறுக்கு வந்து சேர்ந்தது. வேலூர் சி.எம்.சி.யில் இந்தத் துறையை வளர்த்தவர் டாக்டர் ஐடா பெல் ஸ்கடர். ஆஸ்பத்திரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் சகோதரர் மகள் இவர். இரண்டு பேரையும் ஒருவராக நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்த ஸ்விம்ஸ் மருத்துவமனையில் கதிரியக்கத் துறை இருக்கிறது. தேவஸ்தானம் கொடுத்த நிலத்தில் டாட்டா அறக்கட்டளையினர் 2018-ல் அடிக்கல் நாட்டிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா புற்றுநோய் மருத்துவமனை 2022 மே மாதம் திறக்கப்பட்டது. சித்தூரை அடுத்த குடிபாலா மண்டலத்தில் சி.எம்.சி.யே ஒரு வளாகம் வைத்திருக்கிறது. கதிர்ச் சிகிச்சை வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது எனலாம். அது நல்ல செய்தி. குணமாகிறவர்கள் கூடுகிறார்கள். குணமான பின் பல வருஷம் வாழ்கிறார்கள். அத்தையின் பிரச்சினை, அப்படிப் பிழைத்து வாழ்கிறவர்களின் பிரச்சினை.

குணப்படுத்திய கதிர் புண்ணாக்குவது ஏன்?

கர்ப்பப்பை வாய்க்கு முன்னால் ஒட்டியபடி மூத்திரப்பை, பின்னால் மலக்குடல். எவ்வளவு கவனமாகக் கதிரைச் செலுத்தினாலும் இந்த இரண்டு உறுப்புகளும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோயில் கதிர் வைக்கும்போதும் இதே கதைதான். எனவே இது பெண்கள் சமாசாரம் என்று ஆண்கள் தாண்டிப் போகவேண்டாம். இன்றைய கருவிகள் படம் பிடித்துப் பார்த்துக் குறி வைப்பதால் பாதிப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது. அறவே இல்லாமல் போகவில்லை. இடுப்புப் பகுதியில் கதிர் வாங்கி நீண்ட நாள் வாழ்கிறவர்களில் பெரும்பாலோருக்குக் கடுமையான தொல்லை எதுவும் வருவதில்லை. சிறுபான்மையினருக்கு வருகிறது. அவர்களுக்கும் உடனே வராமல், ஆறு மாதம் கழித்தோ பல வருஷம் கழித்தோ தலைகாட்டுகிறது.

காரணம் இதுதான். கதிர், தசைக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தடிக்கச் செய்து, மெல்ல மெல்ல அடைத்துவிடுகிறது. எங்கள் ஊரில் ஏரி நிறைய தண்ணீர் இருந்தாலும் வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை காயும். அதைப் போலத்தான். ரத்தம் போகாத இடத்தில் தசை நார் பாய்ந்து விறைத்துப்போகிறது. மேல் தோல் மெலிந்து, சிறு உரசலுக்கும் ரத்தம் கசிகிறது. 1983-ல் அமெரிக்க வாய் அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ், கதிரால் செத்த தாடை எலும்பை ஆராய்ந்து இதை மூன்று குறைகளாகச் சொன்னார்: ஆக்ஸிஜன் குறைவு, ரத்தக் குழாய் குறைவு, உயிரணுக் குறைவு. இந்தப் புண் தானாக ஆறாததற்கு இதுவே காரணம்.

அப்படியானால் ஆக்ஸிஜனைக் கூடுதலாகக் கொடுத்தால் என்ன? முகமூடி வைத்துக் கொடுத்தால் போதாதா? இங்கேதான் அழுத்தத்தின் கதை வருகிறது.

அழுத்தமே மருந்து

1662-ல் ஹென்ஷா என்ற ஆங்கிலேயர், துருத்திகளை வைத்து ஒரு மூடிய அறைக்குள் காற்றை அடைத்து அதில் நோயாளிகளை உட்கார வைக்கத் திட்டமிட்டார். ஆக்ஸிஜன் என்று ஒரு வாயு இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அதற்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல் இருந்தது. 19-ம் நூற்றாண்டில் பிரான்சில் 'அழுத்தக் காற்றுக் குளியல்' ஒரு நாகரிகமாகவே பரவியது. 1878-ல் பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, அதிக அழுத்தத்தில் ஆக்ஸிஜன் வலிப்பை உண்டாக்கும் என்று எச்சரித்தார். அமிர்தமும் நஞ்சாகும் என்ற பழமொழிக்கு அவர் விஞ்ஞானச் சான்று கொடுத்துவிட்டார்.

1928-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் கன்னிங்ஹாம் என்ற மருத்துவர் ஐந்து மாடி உயரத்துக்கு இரும்பு உருண்டையாக ஒரு அழுத்த ஆஸ்பத்திரியே கட்டினார். சர்க்கரை நோய், புற்றுநோய் எல்லாவற்றுக்கும் இதுவே மருந்து என்றார். ஆதாரம் காட்டும்படி மருத்துவச் சங்கம் கேட்டது. அவர் காட்டவில்லை. ஆஸ்பத்திரி மூடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது உருண்டையைப் பிரித்துப் பழைய இரும்பாக எடுத்துக்கொண்டார்கள். ஆதாரம் இல்லாத வைத்தியம் எத்தனை மாடி கட்டினாலும் நிற்காது என்பதற்கு இது நல்ல சாட்சி.

ஆதாரத்தோடு வந்தவர் ஆம்ஸ்டர்டாம் நகரின் அறுவை மருத்துவர் போரேமா. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது சிவப்பணுக்கள். ரத்த நீரில் கரைந்திருப்பது மிகக் கொஞ்சம், 100 மில்லி லிட்டரில் சுமார் 0.3 மில்லி லிட்டர்தான். சோடா பாட்டிலில் வாயுவை அழுத்திக் கரைப்பது போல, மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்தால் அந்த அளவு சுமார் 6 மில்லி லிட்டராக உயர்கிறது. உடல் ஓய்வில் இருக்கும்போது அதுவே போதும். பன்றிகளின் ரத்தத்திலிருந்து சிவப்பணுக்களைக் கிட்டத்தட்ட முழுவதும் நீக்கிவிட்டு, அழுத்த அறைக்குள் அவற்றை உயிரோடு வைத்துக் காட்டி, 1960-ல் அதை வெளியிட்டார் போரேமா. சிவப்பணு நுழைய முடியாத குறுகிய இடத்துக்கும் ரத்த நீர் கசிந்து போகும். கடைமடைக்கு நீர் எட்ட வழி பிறந்தது.

பகையாகவும் உறவாகவும்

இதில் ஒரு சரித்திர விநோதம் உண்டு. அழுத்த ஆக்ஸிஜன் கதிரியக்கத் துறைக்குள் நுழைந்தது புண்ணை ஆற்றுவதற்காக அன்று. ஆக்ஸிஜன் நிறைந்த இடத்தில் கதிர் கூடுதலாகப் புற்றணுக்களை அழிக்கும் என்பதை எல்.எச்.கிரே முதலிய விஞ்ஞானிகள் 1950-களில் நிறுவினார்கள். 1955-ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் சர்ச்சில்-டேவிட்சன் என்ற மருத்துவர் நோயாளிகளை அழுத்த அறைக்குள் படுக்க வைத்து, அந்த நிலையிலேயே கதிர் வைத்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கும் இப்படிச் செய்து பார்த்தார்கள். ஓரளவு பலன் தெரிந்தாலும் சிரமமும் பக்கவிளைவும் அதிகமாக இருந்ததால் அந்த முறை நிலைக்கவில்லை.

ஆக, கதிரின் கையைப் பலப்படுத்த அழைத்து வரப்பட்ட ஆக்ஸிஜன், முப்பது வருஷத்துக்குப் பிறகு கதிர் உண்டாக்கிய புண்ணுக்கே மருந்தாகத் திரும்பி வந்தது. தினமும் சிறிது நேரம் திசுவுக்கு மிகுந்த ஆக்ஸிஜன் கிடைத்தால், அந்தத் தூண்டுதலில் புதிய நுண்குழாய்கள் முளைக்கின்றன என்று மார்க்ஸ் விளக்கினார். எனவே இது ஒரு நாள் வைத்தியம் அன்று. வாரம் ஐந்து நாள், தினம் ஒன்றரை மணி நேரம், 30 முதல் 40 முறை. வாய்க்கால் வெட்டுவதற்கு ஆகும் காலம் அது.

பலன் எவ்வளவு?

நம்மவர்களிடம் இரண்டு குணம் உண்டு. ஒன்று, புதுசு என்றால் ஒரேயடியாகக் கும்பிடுவது. இல்லாவிட்டால் எல்லாம் ஏமாற்று என்று தள்ளுவது. ஆராய்ச்சி முடிவுகள் இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

மூத்திரப்பைக்கு ஆதாரம் ஓரளவு வலுவானது. 1995-ல் நெதர்லாந்து மருத்துவர்கள், கதிரால் கடுமையாக ரத்தம் போன 40 பேருக்கு இந்தச் சிகிச்சை அளித்ததில் 37 பேருக்கு ரத்தப்போக்கு நின்றது அல்லது குறைந்தது என்று எழுதினார்கள். ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லை. 2019-ல் ஐரோப்பாவின் வடபகுதி நாடுகளின் ஐந்து மருத்துவமனைகள் சேர்ந்து 79 பேரிடம் முறையான ஒப்பீட்டு ஆய்வின் முடிவை வெளியிட்டன. அழுத்த ஆக்ஸிஜன் பெற்றவர்களின் தொல்லை மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தது.

மலக்குடல் விஷயத்தில் முடிவுகள் முரண்படுகின்றன. 2008-ல் 120 பேரை வைத்து நடந்த ஆய்வு பலன் உண்டு என்றது. 2016-ல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், உண்மையான சிகிச்சை பெற்றவர்களுக்கும் வெறும் பாவனைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் ஒரு வருஷம் கழித்து வித்தியாசம் தெரியவில்லை. எனவே ஒருவருக்கு எது தொல்லை, எந்த உறுப்பில், எவ்வளவு கடுமை என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. மலக்குடல் ரத்தப்போக்குக்குச் சுக்ரல்ஃபேட் மருந்தை எனிமாவாகக் கொடுப்பது நல்ல பலன் தரும் என்று 1991-ல் ஒப்பீட்டு ஆய்வோடு காட்டியவர்கள் நம் சண்டிகர் மருத்துவர்கள். ரத்தம் கசியும் இடத்தை வாயுக் கதிரால் சுடுவதும், ஃபார்மலின் தடவுவதும் நடைமுறையில் உள்ளன. அத்தைக்கு இவற்றில் ஒன்றைத்தான் செய்தார்கள். முழுதும் நிற்கவில்லை, ஆனால் வெகுவாகக் குறைந்தது.

அறைக்குள் போகுமுன்

குறை தெரிந்து கொஞ்சம் தேறியதும், 1992-ல் அத்தையை மலைக்கு அழைத்துப் போனோம். மலைப்பாதையில் பஸ் வளைந்து ஏறும்போது, "காதை அடைக்குதுடா நைனா" என்றார். எச்சில் விழுங்கச் சொன்னேன். திருப்பதியிலிருந்து திருமலைக்குப் போகும்போது காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குகூடக் குறைவதில்லை. அதற்கே காது அடைக்கிறது. சிகிச்சை அறையிலோ அழுத்தம் சாதாரணத்தைப்போல் இரண்டு, இரண்டரை மடங்குக்கு ஏறுகிறது. அதனால்தான் காது வலி இதில் முதல் தொல்லை. விழுங்குவதற்கும் மூக்கைப் பிடித்து ஊதுவதற்கும் முன்பே பழக்கிவிடுவார்கள். சிலருக்குக் கொஞ்ச நாள் தூரப்பார்வை மங்கும். பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும். மூடிய அறை பயம் சிலருக்கு உண்டு. பால் பெர்ட் சொன்ன வலிப்பு மிக அபூர்வமாக வரலாம்.

நுரையீரலைச் சுற்றிக் காற்றுச் சேர்ந்திருப்பவர்கள் அதைச் சரிசெய்யாமல் உள்ளே போகவே கூடாது. ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், வலிப்பு உள்ளவர்களும், முன்பு புற்றுநோய்க்கு ஊசி மருந்து போட்டுக்கொண்டவர்களும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி போதும்: 1997-ல் இத்தாலியின் மிலான் நகரில் ஓர் அழுத்த அறையில் தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். ஆகவே பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். தலைக்கு எண்ணெய், வாசனைத் தைலம், செல்போன், தீப்பெட்டி எதுவும் கூடாது. எண்ணெய் வைக்காமல் வெளியே கிளம்பாத நம் அம்மாக்களுக்கு இதை முன்கூட்டியே எடுத்துச் சொல்லவேண்டும்.

"ஆக்ஸிஜன் கொடுத்தால் புற்றுநோய் மறுபடி வளராதா?" என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அப்படி வளர்ப்பதற்கு ஆதாரம் இல்லை என்கிறார்கள். என்றாலும், ரத்தம் போவது பழைய நோய் திரும்பியதால் அல்ல என்று முதலில் பரிசோதித்து உறுதி செய்துகொள்வது கட்டாயம். இன்னொன்று: காற்றடைத்த பை போன்ற மென்மையான கூடாரங்களையும் இதே பெயரில் விளம்பரம் செய்கிறார்கள். அவற்றில் அழுத்தம் பொதுவாக 1.3 மடங்குதான். மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் பாவனைச் சிகிச்சைக்கு வைத்த அழுத்தமும் அதுவேதான். பணம் கட்டுமுன் எத்தனை மடங்கு அழுத்தம், பொறுப்பான மருத்துவர் யார் என்று கேளுங்கள். நாற்பது அமர்வு என்றால் அழுத்த அறை இருக்கும் ஊரில் இரண்டு மாதம் தங்கவேண்டும். செலவைக் கணக்குப் போட்டு, கதிர் வைத்த ஆஸ்பத்திரியில் கலந்து பேசி முடிவெடுப்பது நல்லது.

நிறைவாக

அத்தை 1996-ல் மாரடைப்பில் காலமானார். புற்றுநோய் அவரைக் கொல்லவில்லை. அழுத்த அறையை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எவ்வளவு குணமாகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு நிச்சயமாகப் பலித்த மருந்து ஒன்று உண்டு. "தீட்டு இல்லீங்கம்மா, புண்ணுதான்" என்று அந்த மருத்துவர் சொன்ன ஒரு வாக்கியம் அது. அதற்குப் பைசா செலவில்லை. ஆனால் அது கிடைக்க அவர் எத்தனையோ வருஷம் ஒளிந்து வாழ வேண்டியிருந்தது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு ஊரிலிருக்கும் பெரியவர்களின் உடம்பு வாரம் ஒரு போன் பேச்சில்தான் தெரியும். "நல்லா இருக்கேன்பா" என்பதற்கு மேல் அவர்கள் சொல்ல மாட்டார்கள். உங்கள் குடும்பத்தில் எப்போதாவது இடுப்புப் பகுதிக்குக் கரண்ட் வைத்துக்கொண்டவர் இருந்தால், பத்து வருஷமே ஆகியிருந்தாலும், மூத்திரத்திலோ மலத்திலோ ரத்தம் போகிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். மகன் கேட்கக் கூச்சமாக இருந்தால் மகளோ மருமகளோ கேட்கட்டும். பழைய சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு உறையில் போட்டு வையுங்கள். எங்கே, எந்த வருஷம், எந்த இடத்துக்குக் கதிர் வைத்தார்கள் என்பதுதான் அடுத்த மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி. எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி தாமதமாகத்தான் வந்தது.